சிறைப்பட்ட காற்று

குற்றாலத்துக்குப் போய் வந்தவர்கள் அருவியைப் பற்றி எழுதுவதுதான் சம்பிரதாயம். இந்த வாரம் அந்தச் சம்பிரதாயத்தை மீற வேண்டியிருக்கிறது. நான் போன சமயம் சாரல் மலைக்கு அப்பால் ஒளிந்துகொண்டது. ஐந்தருவியும் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆகையால் மங்குஸ்தான் பழம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு தென்காசி நண்பர் வீட்டுக்குத் திரும்பினேன்.

தென்காசியில் காசி விசுவநாதர் கோவில் கோபுர வாசலில் காற்றுக்குப் பஞ்சமே கிடையாது. அங்கவஸ்திரத்தைக் கையில் பிடித்துக்கொள்ளாவிட்டால் அது தனியாகவே சுவாமி தரிசனத்துக்குப் போய்விடும்! ஆனால் நாலு தெரு தள்ளி, நண்பரின் மாடி அறையில் ராத்திரி பத்து மணிக்குச் சுவரைத் தொட்டால் கை சுடுகிறது. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு வயது எண்பதுக்கு மேல்.

"பகல் பூரா தட்டட்டி வெயிலைக் குடிக்குது, தம்பி. ராத்திரி பூரா அதை என் தலையிலே கக்குது" என்றார் ஆச்சி.

உஷ்ண சாஸ்திரம் முழுவதையும் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. கோடையில் ஆச்சிக்கு இரண்டு தடவை மயக்கம் வந்துவிட்டதாம். நண்பர் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் குற்றவாளியின் களை இருந்தது.

உஷ்ணத்தைத் தடுப்பதற்கு மனிதன் ஆதி நாளிலிருந்து நம்பியிருக்கும் காவற்காரன் ஒருவன்தான். அவன் பெயர் காற்று. ஓடுகிற காற்று உடம்பிலிருந்து உஷ்ணத்தை வாரிக்கொண்டு போகும். அசையாமல் அடைபட்ட காற்றோ உஷ்ணத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகவிடாமல் மறிக்கும். கம்பளி, இலவம் பஞ்சு மெத்தை, பனை ஓலைக் கூரை எல்லாம் காற்றை அடைத்து வைக்கும் உபாயங்களே. ஆட்டு ரோமத்துக்கென்று தனிச் சூடு ஏதும் இல்லை.

இந்த அடைக்கும் வித்தையின் உச்சிக்குச் சென்ற வஸ்துவின் பெயர் ஏரோஜெல். நம் நாட்டில் உப்பெடுத்தவர்கள் சிறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த 1931-ஆம் வருஷத்தில், அமெரிக்காவில் சாமுவேல் ஸ்டீபன்ஸ் கிஸ்ட்லர் என்னும் ரசாயன ஆசிரியர் காற்றைச் சிறைப்படுத்திய செய்தியை வெளியிட்டார்.

தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் நோன்புக் காலத்தில் கடற்பாசி காய்ச்சிக் கட்டியாக உறைய வைப்பார்கள். அந்தக் கட்டியில் பெரும் பகுதி நீர். அதைத் தாங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலை. வெயிலில் காயவைத்தால் என்ன ஆகும்? நீர் போகும்போது வலையின் சுவர்களையும் ஒன்றோடொன்று இழுத்துக்கொண்டு போகும். கட்டி சுருங்கிச் சருகாகிவிடும். வலை சுருங்காமல் நீரை மட்டும் எப்படி வெளியேற்றுவது என்பதுதான் கிஸ்ட்லரின் கேள்வி. நீருக்குப் பதில் ஆல்கஹாலைப் புகுத்தினார். மூடிய பாத்திரத்தில் வைத்து, திரவம், ஆவி என்ற பேதமே அற்றுப்போகும் வரையில் சூட்டையும் அழுத்தத்தையும் ஏற்றினார். பிறகு மெள்ளத் திறந்துவிட்டார். வலை அப்படியே நின்றது. உள்ளே காற்று குடியேறியது. மணலின் சத்தான சிலிக்காவைக்கொண்டு மட்டுமல்ல, கடற்பாசியைக்கொண்டும் முட்டையின் வெள்ளைக்கருவைக்கொண்டும் இதைச் செய்து காட்டினார்.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1000 கிராம். அதே அளவுள்ள சாதாரணச் சிலிக்கா ஏரோஜெல் 100 கிராம் இருக்கும். மிக லேசாகச் செய்தது இரண்டு, மூன்று கிராம்தான். பார்ப்பதற்கு உறைந்த நீலப் புகைபோல இருக்கும். 2 கிராம் துண்டின்மேல் இரண்டரைக் கிலோ செங்கல்லை வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அதற்காக அதை இரும்பு என்று எண்ணிவிடக் கூடாது. விரலால் நெரித்தால் பொடியாகிவிடும். உஷ்ணத்தைக் கடத்துவதிலோ கான்கிரீட்டைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் சோம்பேறி. அதன் அறைகள் அவ்வளவு நுண்ணியவை. காற்றின் மூலக்கூறு ஒன்று இன்னொன்றைச் சந்தித்துச் சூட்டைக் கைமாற்றுவதற்குள் சுவரில் முட்டிக்கொள்கிறது!

1997-இல் செவ்வாய்க் கிரகத்தில் ஓடிய சோஜர்னர் வண்டியைக் குளிரிலிருந்து காத்தது இதுதான். 2006-இல் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வால்நட்சத்திரத் தூசியை இதில் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவந்தது. இவ்வளவு தூரம் போவானேன்? தென்காசிக்கு மேற்கே மலையைத் தாண்டினால் திருவனந்தபுரம். அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தினர் சிலிக்கா ஏரோஜெல் தயாரித்த செய்தி 2017-இல் பத்திரிகைகளில் வந்தது. ராக்கெட்டுக்கு மட்டுமின்றி, சியாச்சின் பனியில் நிற்கும் சிப்பாயின் உடுப்புக்கும் உதவும் என்று சொன்னார்கள்.

சிப்பாய்க்கு உதவுவது ஆச்சிக்கு உதவாதா? உதவும். ஏரோஜெல் கலந்த பூச்சை ஸ்விட்ஸர்லாந்தில் பழைய கட்டடச் சுவர்களுக்குப் பூசுகிறார்கள். நம் ஊரில் அதைத் தளத்தின் மேற்புறம் போட வேண்டும். வெயில் கான்கிரீட்டுக்குள் இறங்கிய பிறகு தடுத்துப் பயனில்லை. ஜன்னலையும் மூடிவிடக் கூடாது; மூடினால் உள்ளிருக்கும் சூடும் உள்ளேயே தங்கும். மலையடிவாரக் கிராமங்களுக்கு நர்ஸம்மாள் தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறாரே, அந்தப் பெட்டியின் சுவர் மெலிந்தால் தோள் வலி குறையும். என்னைக் கேட்டால் முதல் உரிமை அந்தப் பெட்டிக்குத்தான். நான் வாங்கிவந்த மங்குஸ்தானும் சென்னை வரையில் வாடாமல் வரலாம்; ஆனால் அதற்கு அவசரமில்லை.

தடை விலைதான். மூலப்பொருள் மணல், செலவெல்லாம் உலர்த்துவதில். இப்போது பெரும்பாலும் கரியமில வாயுவைக்கொண்டு உலர்த்துகிறார்கள். சூடு 31 டிகிரி போதும். ஆனால் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றைப்போல் 73 மடங்கு வேண்டும். அதைத் தாங்கும் இரும்புப் பாத்திரத்தின் செலவு ஆச்சியின் தட்டட்டியில்தான் வந்து விடியும்.

இதையெல்லாம் நான் விஸ்தாரமாகச் சொல்லி முடித்ததும் ஆச்சி, "எங்க ஐயா காலத்திலே தட்டட்டியிலே மண்பானையைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சுண்ணாம்பு போடுவாங்க. அதுக்குள்ளேயும் காத்துதானே தம்பி இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. அறைகள் சற்றுப் பெரியவை. சிறை என்னவோ அதே சிறைதான். ஏரோஜெல்லுக்கு ஈடாகாது, ஆனாலும் வெயிலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஒரு காவல் நிற்கும். நண்பர் மறுநாளே பானை சொல்லிவிட்டு வந்தார்.

"சாரல் முடியட்டும் என்கிறார் குயவர், அண்ணாச்சி. ஈரக் காற்றில் பானை காயாதாம்" என்றார்.

அன்று மாலையே, நான் ரயிலேறும் சமயம் பார்த்து, சாரல் வந்துவிட்டது.