கருப்புத் திரைன்னா அவ்வளவு இளக்காரமா?

கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்தாலே போதும், "இன்னும் டாஸ் காலத்துலயே இருக்கீங்களா?"ன்னு நக்கலடிக்க ஒரு கூட்டம் கிளம்பிடுது. ஆமாங்க, ட்ரீ கட்டளை டாஸ் காலத்துச் சரக்குதான். 1983-ல் ஐபிஎம்மின் பிசி டாஸ் 2.0 வந்தப்போதான் போல்டருக்குள்ள போல்டர் வைக்கிற வசதியே வந்தது. கூடவே வந்தது ட்ரீ. விண்டோஸ் 11-லயும் இருக்கு. நாற்பது வருஷம் தாண்டி உழைக்கிற சாமானைப் பார்த்தா சிரிக்கிறது?

சிரிக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. உங்க ஹார்ட் டிஸ்க்ல என்னென்ன இருக்குன்னு ஒரு பட்டியல் கொடுங்க, பார்ப்போம். எக்ஸ்புளோரர்ல ஒவ்வொரு போல்டரா திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் போறீங்களா? பொழுது விடிஞ்சிடும். அந்தப் படங்களுக்குள்ள ஒரு கோப்போட பேரைத் தேடிக் கண்டுபிடிங்களேன்!

இங்கே ஒரே வரி. எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில சிஎம்டின்னு அடிச்சு எண்டர் தட்டுங்க. திறக்கிற கருப்புத் திரையில இதை ஆங்கில எழுத்துல அடிங்க:

ட்ரீ /எஃப் /ஏ > லிஸ்ட்.டிஎக்ஸ்டி

அவ்வளவுதான். /எஃப் இல்லைன்னா போல்டர் பேர் மட்டும் வரும், கோப்புகள் வராது. /ஏ இல்லைன்னா நோட்பேடில் கிளைக் கோடுகள் எல்லாம் கன்னாபின்னா எழுத்தா தெரியும்.

இதெல்லாம் எதுக்குன்னு கேட்கிறீங்களா? எந்த டிஸ்க்கும் ஒருநாள் மண்டையைப் போடும். அன்னிக்கு "என்னென்ன போச்சு?"ன்னு கேட்டா, "கல்யாண போட்டோ, அப்புறம்... என்னமோ நிறைய இருந்துச்சு"ன்னு முழிக்கிற நிலைமை வரக்கூடாது. பட்டியல் பேக்கப் ஆகிடாது, ஒத்துக்கிறேன். ஆனா எதுக்கு பேக்கப் இருக்கு, எதுக்கு இல்லைன்னு சரிபார்க்கவே பட்டியல் வேணுமே! போன மாசத்துப் பட்டியலையும் இந்த மாசத்துதையும் எஃப்சி கட்டளையில ஒப்பிட்டா, நடுவுல காணாமப் போன கோப்பும் தெரிஞ்சிடும். பட்டியலை மட்டும் அதே டிஸ்க்ல வெச்சுக்காதீங்க, சாமி. ஒரு பென் டிரைவ்ல போடுங்க.

குறை சொல்லணுமா? தாராளமா சொல்லுங்க. விண்டோஸ் ட்ரீ கோப்போட அளவைக் காட்டாது. இத்தனை அடுக்கோட நிறுத்துன்னும் சொல்ல முடியாது. லினக்ஸ்ல கிடைக்கிற ட்ரீ இரண்டையும் செய்யும். -எல் 2ன்னு போட்டா இரண்டே அடுக்கு. மைக்ரோசாஃப்ட் அதைப் பார்த்துக் கத்துக்கலாம். இது நியாயமான குறை.

ஆனா "பழசு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. மவுசும்தான் பழசு. தூக்கியா போட்டுட்டீங்க? :-)