மார்கழியோடு நின்று போகும் நடை

மார்ச் மாதம் பிறந்தாலே போதும். "வசந்தம் வந்துவிட்டது, வெளியே வாருங்கள், ஓடுங்கள், சைக்கிள் மிதியுங்கள்" என்று ஆங்கிலப் பத்திரிகைகள் அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடும். லண்டன்காரருக்கு அது சரியான யோசனைதான். மாதக்கணக்கில் குளிரில் முடங்கிக் கிடந்தவர், கொஞ்சம் வெயில் பட்டால் சந்தோஷப்படுவார். ஆனால் ராஜபாளையத்துக்காரரும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரும் அதை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும்?

தமிழ்க் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். பெயரில்தான் 'இள' இருக்கிறது, வெயிலில் இல்லை! மே முதல் வாரத்தில் ஆரம்பித்து மாதக் கடைசி வரை வாட்டுகிற அக்னி நட்சத்திரம் இந்த இளவேனிலுக்குள்தான் வருகிறது.

நடப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். செமஸ்டர் தேர்வு முடிகிறது. லீவில் உடம்பைக் குறைத்தே தீருவது என்று ஒரு மாணவன் சபதம் எடுக்கிறான். புது ஷூ வாங்குகிறான். காலை ஏழரைக்கு எழுந்து, எட்டு மணி வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறான். இரண்டாம் நாள் தலை சுற்றுகிறது. நான்காம் நாள் ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. "நமக்கெல்லாம் இது சரிப்படாது" என்று முடிவுரையும் எழுதிவிடுகிறான்.

தப்பு அவன் உடம்பில் இல்லை, அவன் பார்த்த காலண்டரில் இருக்கிறது. வெயிலில் ஓடும்போது இதயத்துக்கு இரட்டை வேலை. ஓடுகிற தசைகளுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். புதிதாக வெயிலில் உழைப்பவரின் உடம்பு அதற்குப் பழகவே ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டால் மயக்கம்தான் மிச்சம்.

அப்படியானால் இந்த ஊர்களில் எப்போது ஆரம்பிப்பது? இதற்குப் பதில் இங்கேயே இருக்கிறது. அதைச் சொன்னவரும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்தான். ஆண்டாள்!

திருப்பாவையைப் பக்தி நூலாகப் படிப்பவர்கள் படிக்கட்டும். அதில் நடக்கிற காரியத்தையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குளிர்ந்த மார்கழி மாதம். விடியும் முன்பே பெண்கள் எழுந்து நீராடக் கிளம்புகிறார்கள். தனியாகப் போகவில்லை, கூட்டமாகப் போகிறார்கள். முப்பது பாசுரங்களில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை பத்துப் பாசுரங்கள், இன்னும் தூங்குகிற தோழிகளை வீடு வீடாகப் போய் எழுப்புவதற்கே செலவாகின்றன. சரியான பருவம், சரியான நேரம், கூட வர ஆள். இன்றைக்கு உடற்பயிற்சி நிபுணர்கள் சொல்கிற மூன்றும் அதில் இருக்கிறது.

மார்கழியில் ஆரம்பித்தவருக்குப் பங்குனி வருவதற்குள் மூன்று மாதப் பழக்கம் வந்துவிடும். வெயில் ஏற ஏற உடம்பும் கூடவே பழகும். சித்திரை பிறக்கும்போது அவர் நேரத்தை மட்டும் முன்னால் தள்ளினால் போதும். சித்திரையில் இங்கே சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஆறு மணிக்கு. ஒரு நாளில் மிகக் குளிர்ச்சியான நேரம் அதற்குச் சற்று முன்புதான். ஐந்து மணிக்குக் கிளம்பி ஆறரைக்குள் வீடு திரும்பினால் கத்திரி வெயில் ஒன்றும் செய்யாது. மாலையில்தான் முடியும் என்பவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை உதவி செய்கிறது. மேற்கே மலை நிற்பதால் சூரியன் சீக்கிரமே அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தார் ரோட்டின் சூடு தணியத்தான் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது பையன்களுக்குப் போதும். பெண்களுக்குப் போதாது. உண்மையான பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மார்கழியில் ஒரு பெண் காலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று கோலம் போடலாம். தோழிகளோடு ரத வீதியில் நடந்து கோவிலுக்குப் போகலாம். யாரும் எதுவும் கேட்பதில்லை, வீட்டிலேயே எழுப்பி அனுப்புவார்கள். தை பிறந்ததும் அந்த அனுமதி முடிந்துபோகிறது! அதே பெண் அதே வீதியில் அதே ஐந்து மணிக்கு ஷூ போட்டு நடந்தால், "இருட்டில் எங்கே கிளம்பிட்டே?" என்று பல வீடுகளில் கேள்வி வருகிறது. வீதி மாறவில்லை, நேரம் மாறவில்லை. சாமி கும்பிடப் போனால் சரி, உடம்புக்காகப் போனால் சரியில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம்?

இதன் விளைவு கணக்கில் தெரிகிறது. 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, 2022-ல் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேர் போதுமான உடல் உழைப்பு இல்லாமல் இருந்தார்கள். ஆண்களில் 42 சதவீதம். 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களிடம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி. அதாவது ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேர வேக நடை. ஜிம் வேண்டாம், பணம் வேண்டாம். ஒரு வீதியும் அதில் நடக்க அனுமதியும் போதும்.

பெற்றோரின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. தெருநாய் உண்டு, எரியாத விளக்கு உண்டு, வேண்டுமென்றே உரசிப் போகிற பைக்கும் உண்டு. ஆனால் இவை மார்கழியிலும் இருந்தனவே? அப்போது பயம் குறைந்ததற்குக் காரணம், வீதியில் பத்துப் பேர் இருந்தார்கள் என்பதுதான். ஆள் இருக்கிற வீதிதான் பாதுகாப்பான வீதி. பயந்து எல்லோரும் வீட்டுக்குள் இருந்தால் வீதி இன்னும் வெறிச்சோடத்தான் செய்யும்.

2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை ஆரம்பித்தது. நல்ல விஷயம். ஆனால் வீட்டைத் தாண்ட யோசிக்கிற பெண்ணுக்கு முதலில் தேவை 8 கிலோமீட்டர் இல்லை. தன் தெருவில் 2 கிலோமீட்டர், அதில் எரிகிற விளக்கு. இரண்டு ஊர் நகராட்சிகளும் விளக்குகளைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. கல்லூரிகளும் பள்ளிகளும் மைதானக் கதவைக் காலை ஐந்து மணிக்கே திறந்து, லீவு நாளிலும் பெண்களுக்கென்று ஒரு நேரம் ஒதுக்கினால் மீதிப் பாதியும் முடிந்தது.

ராஜபாளையத்தின் பெயரை நாடு முழுக்கத் தெரிய வைத்தது ஓட்டத்துக்குப் பேர்போன ஒரு நாய். 2005-ல் அதற்கு அஞ்சல்தலையே வெளியிட்டார்கள். அந்த நாயைக் கட்டியே போட்டு வளர்த்தால் அதன் உடம்பு கெட்டுவிடும் என்று வளர்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் அந்த நியாயம் பொருந்தாதா?

வணிகவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. எந்த இயந்திரமானாலும் வருடா வருடம் மதிப்புக் குறையும். உடம்பு கொஞ்சம் வித்தியாசமான சொத்து. சும்மா வைத்திருந்தால்தான் வேகமாகத் தேயும்.

அதனால் இந்த வசந்தத்தில் புது ஷூ வாங்குவதற்கு முன், வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மார்கழியில் அக்காவும் தங்கையும் நடந்த அதே வீதியில், சித்திரையில் ஏன் நடக்கக் கூடாது? பதில் கிடைக்காவிட்டால், மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவர்களை எழுப்பிவிடுங்கள். எழுப்புவது ஆண்டாள் ஊரின் பழைய பழக்கம்தானே!