சைக்கிளின் கழுத்து

ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் கூடும் அந்தச் சிறு கழுத்தை நாம் குனிந்து பார்ப்பதில்லை. முன் பிரேக்கைப் பிடிக்கும்போது கடகடவென்று ஆட்டம் காட்டினால்தான் அங்கே ஹெட்செட் என்ற பேரிங் தொகுதி ஒன்று இருப்பது நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் ரோவர் சைக்கிளை வெளிக்கொணர்ந்த காலம் தொட்டு, ஏறத்தாழச் சம அளவுச் சக்கரங்கள் இரண்டும் பின் சக்கரத்தை இழுக்கும் சங்கிலியுமாக, சைக்கிளின் உருவம் அடிப்படையில் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நம் கண்ணெதிரே, நாம் கவனிக்காத வேளையில், அதன் கழுத்து மாறிவிட்டது.

பழைய ஏற்பாட்டில் ஃபோர்க்கின் தண்டில் வெளிப்புறமாக மரை வெட்டியிருப்பார்கள். மேல் கப் அந்த மரையில் இறங்கிப் பேரிங் குண்டுகளை அணைக்கும். அதற்கு மேல் பூட்டு நட்டு ஏறி இறுகும். ஒரு அங்குலத் தண்டுக்குள் ஹேண்டில்பாரைத் தாங்கும் 22.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டெம் இறங்க, நீண்ட போல்ட்டின் அடியிலுள்ள ஆப்பு உள்சுவரைக் கவ்விக்கொள்ளும். போல்ட்டைச் சற்றே தளர்த்தி அதன் தலையில் மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் ஸ்டெம் விடுபடும். அப்பாவுக்காக உயர்த்திய ஹேண்டிலை மகனுக்காகத் தாழ்த்தலாம். அந்த மகனுக்கே முதுகு வலிக்கும் வயது வரும்போது மறுபடி உயர்த்தலாம். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்தளித்த கறுப்புச் சைக்கிள்களில் நாம் ஏறி வளர்ந்ததும் இந்த ஏற்பாட்டின் மேல்தான். அதற்குக் குறைகளும் உண்டு. நட்டை இறுக்கும்போது கப்பும் சேர்ந்து சுழலும் என்பதால் பெரிய ஸ்பேனர்கள் இரண்டு வேண்டும். கிரீஸ் காணாத அலுமினிய ஸ்டெம், வியர்வையும் மழையும் பட்டு, இரும்புத் தண்டுக்குள்ளேயே இறுகிப்போகும்.

1990-களின் தொடக்கத்தில், ஜான் ரேடர் காப்புரிமை பெற்ற ஒரு வடிவத்தை டையா-காம்பே நிறுவனம் 'அஹெட்செட்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. மரையே இல்லாத தண்டை ஸ்டெம் வெளியிலிருந்து கவ்வும். மேல்மூடியின் போல்ட் குண்டுகளின் ஆட்டத்தை மட்டும் நீக்கும். தாங்கிப் பிடிக்கும் வேலை ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளுடையது. ஓர் ஆலன் கீ சட்டைப்பையில் இருந்தால் நடுவழியிலும் சரிசெய்துவிடலாம். மலைச்சரிவுகளில் அதிர்ந்தோடிய சைக்கிள்களுக்கு அந்த உறுதி வரமாக வாய்த்தது. தொழிற்சாலைக்கும் அது ஆதாயமே. மரையுள்ள ஃபோர்க்கை ஒவ்வொரு சட்ட அளவுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். மரையற்ற ஃபோர்க் ஒன்றையே வேண்டிய உயரத்துக்கு வெட்டி எல்லாவற்றுக்கும் பொருத்தலாம். ஆனால் வெட்டிய தண்டு வளராது. எளிதில் உயர்த்தித் தாழ்த்தும் உரிமை ஓட்டுபவரின் கையை விட்டு நழுவி, ஸ்டெம்முக்கு மேலும் கீழும் அடுக்கும் சில வளையங்களின் உயரத்துக்குள் அடங்கிப்போனது.

வரலாற்றில் இந்தப் பேரம் மீண்டும் மீண்டும் நடக்கிறது. தண்டின் விட்டத்தில் ஒன்றேகால் அங்குலமும் ஒன்றே அரைக்கால் அங்குலமும் போட்டியிட்டன. பிறகு அடியில் அகன்று மேலே குறுகும் தண்டு வந்தது. இப்போது பிரேக் கம்பிகளே கழுத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன. ஒவ்வொரு முறையும் உறுதியோ வழவழப்போ கூடுகிறது. ஓட்டுபவர் தாமே மாற்றியமைக்கும் வெளி சுருங்குகிறது. புதியது வென்ற பிறகும் ஜப்பானின் நிட்டோ நிறுவனம் பழைய வகை ஸ்டெம்களைச் செய்துவருகிறது. தோற்றதாக எண்ணிய ஒரு நுட்பம் முற்றும் அழிவதில்லை. அதன் அருமை தெரிந்தவர்களிடம் அடைக்கலமாகி வாழ்கிறது.

ஆகவே, எது சிறந்தது என்ற வழக்குக்கு நான் சொல்லும் தீர்ப்பு எளியது. வீட்டில் நல்ல நிலையிலுள்ள மரை ஃபோர்க் இருந்தால் அதை மாற்றாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஸ்டெம்மை வெளியே எடுத்துக் கிரீஸ் தடவுங்கள். அதில் பொறித்த எல்லைக்கோடு வெளியே தெரியுமளவுக்கு உயர்த்தாதீர்கள். புதிதாக வாங்குபவர்கள் மரையற்றதைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் அழகுக்காகத் தண்டை ஒட்ட வெட்டிவிட வேண்டாம். மேலே இரண்டு மூன்று வளையங்களுக்கு இடம் விட்டு வையுங்கள். முதுமையில் நீங்களோ, உங்களுக்குப் பின் அதை ஓட்டப்போகும் பிள்ளையோ, ஒருநாள் அந்த உயரத்தைத் தேடக்கூடும்.