உறங்காதவர் ஒருவரே



பிள்ளைகள் வேலைக்காகவும் படிப்புக்காகவும் கடல் கடந்து செல்வது இன்று நம் சபைக் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. மைசூரில் குடியேறியிருக்கும் நமக்கு வெளிநாட்டு விமானம் என்றால், அது பெரும்பாலும் பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கும் கெம்பேகவுடா விமான நிலையம்தான். வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் விமானங்களில் பல, உலகம் உறங்கும் அதிகாலையில் புறப்படுகின்றன. அப்படிப்பட்ட பயணத்திற்கு முந்தின இரவைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். இது என்னைக் குற்றப்படுத்திய ஒரு காரியம் என்பதை முதலிலேயே அறிக்கையிடுகிறேன்.

2019ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை. கூடலூரில் வாழும் என் தங்கையின் மகன் கத்தாருக்குப் புறப்பட ஆயத்தமானான். ஞாயிறு அதிகாலை 5 மணிக்கு விமானம். தங்கையின் குடும்பத்தார் ஒரு வாடகை வேனில் காலையிலேயே மைசூர் வந்து சேர்ந்தார்கள். பகல் முழுவதும் அதே வேனில் கடைகளுக்கும் உறவினர் வீடுகளுக்கும் சென்றோம். மாலையில் என் வீட்டில் வழியனுப்பு ஜெபக்கூட்டம். பாடல், சாட்சி, செய்தி, விருந்து எல்லாம் முடிந்து இரவு பத்தரை மணிக்குப் பதினொரு பேர் புறப்பட்டோம். வண்டி நகருமுன் கண்ணீரோடு ஜெபித்தோம். பயணிக்காக ஜெபித்தோம்; கடவுச்சீட்டுக்காகவும் பெட்டிகளுக்காகவும்கூட ஜெபித்தோம்.

மத்தூரைத் தாண்டி நள்ளிரவு பன்னிரண்டரை மணியளவில் வேன் மெல்ல இடதுபுறமாகச் சாய்ந்து, தார்ச் சாலையை விட்டு இறங்கி, ஒரு மைல்கல்லில் மோதி நின்றது. முன்கண்ணாடி நொறுங்கியது. தங்கையின் நெற்றியில் சிறு காயம். மற்றவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. வேறொரு வண்டி பிடித்து, கவுண்டர் மூடும் தறுவாயில் மருமகனைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

மாற்று வண்டிக்காகக் காத்திருந்த வேளையில், சாலையோரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த ஓட்டுநரிடம், "தம்பி, கடைசியாக எப்போது தூங்கினீர்கள்?" என்று கேட்டேன்.

"நேற்று விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தேன், ஐயா. வனச்சாவடி ஆறு மணிக்குத் திறக்குமுன் வந்து நிற்க வேண்டும் அல்லவா? அதன் பிறகு கண் மூடவில்லை" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் எங்களை அற்புதமாய்த் தப்புவித்ததைச் சாட்சி சொன்னேன். சபையார் கரங்களைத் தட்டி தேவனை மகிமைப்படுத்தினார்கள். அந்தச் சாட்சி உண்மையே. ஆனால் பாதி உண்மை. இருபத்தொரு மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்த ஒரு மனிதனை ஓட்டச் சொன்னது நாங்கள்தான் என்பதை நான் சொல்லவில்லை. உடைந்த கண்ணாடியின் விலையை வேன் உரிமையாளர் அவருடைய கூலியிலிருந்து பிடித்துக்கொண்டார் என்பதும் சில மாதங்கள் கழித்தே எங்களுக்குத் தெரிய வந்தது. அந்தத் தொகையை அவருக்கு அனுப்பி மன்னிப்புக் கேட்டோம்.

பிரியமானவர்களே, குடித்தவன் ஓட்டும் வண்டியில் நம்மில் ஒருவரும் ஏறமாட்டோம். ஆனால் 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், மது அருந்தியவருக்கு ஒப்பாகக் குறைந்துபோகின்றன என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதிலும் நள்ளிரவுக்குப் பின் விடியும்வரை உடல் தானாகவே உறக்கத்தை நாடும். காபியோ உரத்த பாடலோ சற்று நேரம் தாங்கும், தூக்கத்துக்கு ஈடாகாது.

"விசுவாசத்தோடு புறப்பட்டால் தேவன் பார்த்துக்கொள்வார்" என்கிறோம். தேவாலயத்து உப்பரிகையின்மேல் நின்றபோது, தூதர்கள் தாங்குவார்கள் என்ற வாக்குத்தத்தத்தைக் காட்டியே சோதனைக்காரன் ஆண்டவரைக் குதிக்கச் சொன்னான். வாக்குத்தத்தம் மெய்யானது; ஆனாலும் ஆண்டவர் குதிக்கவில்லை. படிக்கட்டு இருக்கும்போது குதிப்பது விசுவாசம் அல்ல, பரீட்சை பார்ப்பது.

துரோவாவில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள் (அப்போஸ்தலர் 20). அதுவும் ஒரு பயணத்துக்கு முந்தின இரவுதான். மறுநாள் புறப்பட இருந்த பவுல் நள்ளிரவுவரை பிரசங்கித்தார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் தூக்க மயக்கத்தால் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். அப்போஸ்தலன் பிரசங்கித்த கூட்டத்திலேயே ஒருவனுக்கு உறக்கம் மேற்கொண்டது என்றால், பகலெல்லாம் உழைத்த ஓட்டுநர் எம்மாத்திரம்? உறங்காதவர் நம் தேவன் ஒருவரே. அந்தத் தகுதியை ஓட்டுநர்மேல் சுமத்த நமக்கு உரிமை இல்லை.

இப்போது நாட்கள் மாறியிருக்கின்றன. 2023 மார்ச் 12 அன்று பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலை திறந்துவைக்கப்பட்டது. மண்டியா, மத்தூர், சன்னபட்டணா, ராமநகரா ஆகிய ஊர்களுக்குள் நுழையாமலே செல்லலாம். ஆனால் அந்தச் சாலையில் விபத்துகள் மிகுந்தபடியால், அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் அதன் பிரதான பாதையில் தடைசெய்யப்பட்டன. சாலை நேரானால் ஓட்டுநரின் தூக்கம் குறைவதில்லை. திருப்பமில்லாத சாலையில் கண் இன்னும் எளிதாகச் சொருகும்.

ஆகையால் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். விமானம் அதிகாலை 5 மணிக்கு என்றால், வெளிநாட்டுப் பயணி மூன்று மணி நேரம் முன்னதாக, 2 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மைசூரிலிருந்து விமான நிலையம் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். விரைவுச்சாலை நம்மை பெங்களூரின் தென்மேற்கே கெங்கேரியில் விடுகிறது. விமான நிலையமோ நகரத்தின் வடக்கே. நகரத்தைக் கடக்க, டயர் பஞ்சரானால் மாற்ற என்று எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் ஒதுக்கினால், இரவு 9 மணிக்கே மைசூரை விட்டுப் புறப்பட வேண்டும். அப்படியானால் மைசூரில் இரவு தங்கல் என்பது பெயருக்குத்தான். தங்க வேண்டிய இடம் ஹெப்பால், எலஹங்கா, தேவனஹள்ளிப் பக்கம். முந்தின நாள் மதிய உணவுக்குப் பின் புறப்பட்டால், பகல் வெளிச்சத்திலேயே பெரும்பகுதி சாலை முடிந்துவிடும். மாலையில் சேர்ந்து, எட்டு மணிக்குப் படுத்தால், ஒரு மணிக்கு எழும்போது ஐந்து மணி நேர உறக்கம் கிடைத்திருக்கும்.

கூடலூர், ஊட்டிப் பக்கத்திலிருந்து உறவினர் வருவார்களானால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பந்திப்பூர் வனச்சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை வாகனங்களுக்கு அடைக்கப்படுகிறது. அவர்கள் முந்தின நாளே மைசூர் வந்து, இரவு உறங்கி, மறுநாள் புறப்படுவதே நலம்.

பயணச்சீட்டின் தேதியைப் படிக்கும்போதும் கவனம் தேவை. ஞாயிறு அதிகாலை 2 மணி என்றால், நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது சனிக்கிழமை இரவு. ஞாயிறு ஆராதனையை முடித்துவிட்டுப் புறப்படலாம் என்று எண்ணினால் விமானம் போயிருக்கும். வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பர் 12 முதல் இரண்டாம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன; உள்நாட்டுப் பயணமானால் எந்த முனையம் என்று சீட்டில் பாருங்கள்.

விடுதியில் அறை எடுக்கும்போது, அதிகாலை ஒரு மணிக்குக் கதவைத் திறக்க ஆள் உண்டா என்று கேளுங்கள். ஓட்டுநருக்குப் படுக்கை உண்டா என்றும் கேளுங்கள். இல்லையெனில் அவருக்கும் ஓர் அறை எடுங்கள். "அவர் வண்டியிலேயே படுத்துக்கொள்வார்" என்று சொல்லாதீர்கள். கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யில் உறங்கியவர்கள் மணமற்ற நச்சுவாயுவால் மரித்திருக்கிறார்கள்.

பெங்களூரில் விசுவாசி ஒருவர் வீட்டில் தங்குவதானால், எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவீர்கள், எப்போது எழும்புவீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். நகரத்து வீடு ஒற்றை அறையாக இருக்கலாம். அவருக்கு மறுநாள் வேலை உண்டு. பயணச்சீட்டு இல்லாதவர்கள் பொதுவாக முனையத்துக்குள் செல்ல முடியாது. ஆகவே பதினொரு பேர் போக அவசியமில்லை. வழியனுப்பும் ஜெபத்தை வீட்டிலேயே முழு மனதோடு முடித்து, இருவர் மட்டும் கூடச் செல்லுங்கள். வாடகை வண்டிக்கு வசதியில்லாதவர்களுக்கு, மைசூரிலிருந்து நேரே விமான நிலையம் செல்லும் அரசு ஃபிளைபஸ் இருக்கிறது. நேரத்தை விசாரித்து முன்பதிவு செய்யுங்கள்.

ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளின் வீட்டை அடைந்த மாலையை ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். ஒட்டகங்களுக்குத் தீவனம் கிடைத்தது. அவனுக்கு மட்டுமல்ல, அவனோடு வந்தவர்களுக்கும் கால் கழுவத் தண்ணீர் கிடைத்தது. இராத்தங்கி, காலையில் எழுந்தே அவன் விடைகேட்டான். ஓய்வுநாள் கட்டளையிலும் தேவன் வீட்டு எஜமானோடு நிறுத்தவில்லை; வேலைக்காரனையும் மாட்டையும் கழுதையையும் சேர்த்துக்கொண்டார். பந்திப்பூரின் யானைக்கும் மானுக்கும் அமைதியான இரவு வேண்டுமென்று சாலையையே அடைக்கிறார்கள். நம்மை ஏற்றிச் செல்லும் சகோதரனுக்கு ஓர் இரவு கொடுக்க நம்மால் இயலாதா?

அறை வாடகை வீண்செலவு என்று வீட்டில் யாராவது சொன்னால், அது ஓட்டுநரின் பிள்ளைகள் தங்கள் தகப்பனை மறுபடியும் காண்பதற்கான செலவு என்று சொல்லுங்கள். அடுத்த முறை வழியனுப்பு ஜெபத்துக்குக் கூடும்போது, வாசலில் நிற்கும் அவரையும் உள்ளே அழையுங்கள். உணவு கொடுங்கள். ஜெபிக்குமுன் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, தூங்கினீர்களா?"

நம் பிள்ளைகளின் பயணங்களையும், அவர்களைச் சுமந்து செல்லும் கரங்களையும் கர்த்தர் பாதுகாப்பாராக. ஆமென்.