ஒட்டிய மண்ணில் 40 அடி

திருத்தணி மலையில் 365 படி ஏறுகிறவரின் காலடியில் இருப்பது பாறை. இறங்கி வந்து ஊருக்குள் கடைக்கால் தோண்டினால், பல இடங்களில் பாறை உடனே தட்டுப்படாது. மேலே செம்மண், கீழே சரளை, அதற்கும் கீழே கடப்பாரை பாதி இறங்கி நின்றுவிடும் சுக்கான். மண்ணும் அல்லாத பாறையும் அல்லாத இந்த நடு அடுக்குதான் பொறியாளருக்குச் சிக்கல். சுண்ணாம்போ இரும்புத் துருவோ மணிகளுக்கு நடுவே படிந்து அவற்றை ஒட்ட வைத்திருக்கும். இதை ஒட்டிய மண் என்போம்.

மண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் முக்காலி நட்டுத் துளை போடுவார்கள். 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரு குழாயை அடித்து இறக்குவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது. அடுத்த 30 செ.மீ. இறங்க விழுந்த அடிகளின் எண்ணிக்கையே 'என்' மதிப்பு.

40 அடி விழுந்தது என்று வையுங்கள். நெருங்கிக் கிடக்கும் மணலும் 40 காட்டும். நெருக்கம் குறைந்து, ஒட்டு மட்டும் பலமாக உள்ள மண்ணும் 40 காட்டும். நெருக்கம் நனைந்தாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒட்டு சில மண்ணில் நனைந்ததும் விட்டுப்போகும். போதாததற்கு, இறங்கும் குழாய் அந்த ஒட்டையே உடைத்துக்கொண்டுதான் போகிறது. மேலே வரும் மாதிரி வெறும் பொடியாக இருக்கலாம்.

குழாயைச் சுற்றி உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. கணினியில் பார்க்கலாம். 1979இல் கண்டல், ஸ்ட்ராக் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில், மண் என்பது தனித்தனி உருண்டைகளின் கூட்டம். இரண்டு உருண்டைகள் தொட்டால் வில்சுருள்போல ஒன்றையொன்று தள்ளும். அந்த விசையிலிருந்து, நியூட்டன் விதிப்படி, ஒவ்வொன்றும் எவ்வளவு நகரும் என்று கணக்கிடுவார்கள். நொடியின் மிக நுண்ணிய துணுக்குக்கு ஒரு கணக்கு. அதையே லட்சக்கணக்கான முறை திரும்பச் செய்ய வேண்டும்.

2004இல் போட்யாண்டியும் கண்டலும் பாறைக்காக இதில் ஒட்டைச் சேர்த்தார்கள். தொடும் இடத்தில் ஒரு பிணைப்பு. அது தாங்கும் இழுப்புக்கும் சறுக்கலுக்கும் ஓர் எல்லை. எல்லை தாண்டினால் அறுந்துவிடும், மறுபடி ஒட்டாது. மிஞ்சுவது உராய்வு மட்டும். ஒட்டின் பலத்தைப் பொதுவாக ஊகித்துப் போடுவதில்லை. உண்மையான மண்கட்டியை ஆய்வகத்தில் நசுக்கி, கணினிக் கட்டியும் அதே சுமையில் உடையும்வரை எண்களைத் திருத்துவார்கள்.

பிறகு அந்தக் கணினி மண்ணுக்குள் ஒரு கூம்பைத் தள்ளலாம். சுத்தியல் அடியைவிட, நொடிக்கு 2 செ.மீ. சீராக இறங்கும் கூம்புச் சோதனையைக் கணினியில் போலச்செய்வது எளிது. ஒட்டு கூடக் கூட எதிர்ப்பு ஏறுகிறது. அறுந்த பிணைப்புகளோ கூம்பின் அருகில் ஓர் உறைபோல அடர்ந்திருக்கின்றன. சற்றுத் தள்ளி மண் குலையாமல் நிற்கிறது. ஒட்டிய மண்ணின் இந்தக் குணம் செவ்வாய்க் கோளிலும் தெரிந்தது. 2019இல் அங்கே இன்சைட் விண்கலத்தின் ஜெர்மன் கருவி 5 மீட்டர் வரை இறங்கப் புறப்பட்டது. ஒட்டிய மேலோட்டில் தன்னைச் சுற்றியே குழி விழுந்து, பிடிமானம் இல்லாமல் நின்ற இடத்திலேயே துள்ளியது. 2021 ஜனவரியில் முயற்சியை நிறுத்தினார்கள்.

கணக்குக்கும் எல்லை உண்டு. 0.3 மி.மீ. மணலில் ஒரு கன செ.மீ.க்குள்ளேயே ஏறக்குறைய 40,000 மணிகள் அடங்கும். அதனால் உருண்டைகளைப் பெரிதாக்கித்தான் கணக்கிடுகிறார்கள். ரொம்பப் பெரிதாக்கினால் கூம்பைத் தொடுபவை சிலவே. எதிர்ப்பின் அளவு தாறுமாறாகத் துள்ளும்.

ஆகவே வீடு கட்டுகிறவருக்குக் கணினி துளைக்கு மாற்று ஆகாது என்றே நினைக்கிறேன். ஒட்டு எதனால் ஆனது என்பதும் அதற்குத் தெரியாது. 40 என்று எழுதிய அறிக்கை கைக்கு வந்தால், அதே ஆழத்துக் குலையாத மண்கட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் பாருங்கள்.