மழை பெய்தால் 'கட்' ஆகும் நெட்... கோளாறு மோடத்திலா? கம்பத்திலா?

கடலூர்,

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் போதும். தொலைபேசி கம்பி வழியாக பிராட்பேண்ட் வைத்திருக்கும் வீடுகளில் ஒரே புலம்பல்தான். பத்து நிமிஷம் வரும், போகும். ஆன்லைன் விண்ணப்பம் போடும் ஜெராக்ஸ் கடைக்காரர் பாதியில் நெட் போய் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குகிறார். புகார் செய்தால் வரும் பதில் ஒன்றே ஒன்று: "மோடம் போயிடுச்சு சார், மாத்துங்க."

நானும் மாற்றினேன். ரூ.1,800 போனதுதான் மிச்சம். அன்று இரவே மறுபடி கட். கடைசியில் வயதான லைன்மேன் ஒருவர் வந்தார். மோடத்தை அவர் தொடவே இல்லை. நேராக தெருமுனை கம்பத்தில் ஏறி பெட்டியைத் திறந்தார். "தம்பி, இங்க பாரு" என்று காட்டிய இணைப்பு முழுக்க பச்சைக் களிம்பு. வெட்டிவிட்டு புதிதாக முடிந்தார். அத்தோடு சரியாகிவிட்டது.

'இரைச்சல்' என்பது என்ன?

ஒரே ஜோடி தாமிரக் கம்பியில்தான் பேச்சும் நெட்டும் போகின்றன. பேச்சு 4 கிலோ ஹெர்ட்சுக்குள் அடங்கிவிடும். நெட் 25 கிலோ ஹெர்ட்சுக்கு மேலே ஓடுகிறது. இதனால்தான் "போன் நல்லாத்தானே பேசுது, லைன்ல என்ன கோளாறு?" என்ற கேள்வி எடுபடாது. போன் பேசும், நெட் நிற்காது.

மழைநீர் புகுந்த இணைப்பு, கரண்ட் வயரை ஒட்டிப் போகும் போன் வயர், மிக்சி மோட்டார் என்று பல இடங்களில் இருந்தும் இரைச்சல் ஏறும். சந்தைக் கூச்சலில் பேசுவது மாதிரிதான். கூச்சல் கூடினால் பேச்சு காதில் விழாது.

2 எண்களைப் பாருங்கள்

பெரும்பாலான மோடங்களில் 192.168.1.1 என்று பிரவுசரில் அடித்தால் மோடத்தின் பக்கம் வரும். அதில் 'எஸ்.என்.ஆர். மார்ஜின்' என்ற எண், கூச்சலைத் தாண்டி லைனுக்கு எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லும். 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 6-க்கு கீழே இறங்கினால் எப்போது வேண்டுமானாலும் கட் ஆகலாம். என் வீட்டில் 4 ஆக இருந்தது, களிம்பை வெட்டிய பிறகு 13 ஆனது.

அடுத்தது 'அட்டென்யுவேஷன்'. இது கம்பியின் தூரத்தைப் பொறுத்தது, குறைவாக இருப்பது நல்லது. 60-ஐ நெருங்கினால் லைன் பலவீனம். தூரம் மாறாமல் இந்த எண் மட்டும் திடீரென ஏறினால் வழியில் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது.

வீட்டிலேயே சோதனை

கட் ஆகும்போது 'டி.எஸ்.எல்.' விளக்கு அசையாமல் எரிந்தால் லைன் உயிரோடு இருக்கிறது, வைபையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விளக்கு மினுக்கினால் லைன் கோளாறு. மற்ற போன்கள், எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் கழற்றிவிட்டு, வயர் வீட்டுக்குள் நுழையும் முதல் இடத்தில் மோடத்தை மாட்டுங்கள். எண் ஏறினால் குறை உங்கள் வீட்டு வயரில், அல்லது 'ஸ்பிளிட்டர்' போடாத போனில். அப்படியே இருந்தால் குறை பெரும்பாலும் வெளியே. சரிசெய்யும் வரை வேகத்தைக் குறைத்து வைக்கச் சொல்லிக் கேட்கலாம். வேகம் குறைந்தாலும் லைன் நிற்கும்.

பைபர் இணைப்பில் போவது ஒளி, மின் இரைச்சல் அதில் ஏறாது. ஆனால் வயர் மடங்கினாலும் இணைப்பில் அழுக்கு சேர்ந்தாலும் ஒளி குறையும். மோடத்துக்கு வரும் ஒளியின் அளவு மைனஸ் 20 என்றால் நல்லது, மைனஸ் 27-ஐத் தாண்டினால் சிக்கல். 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை.

காசு யாருடையது?

"அடிக்கடி கட் ஆகுது" என்று சொன்னால் மோடம் மீது பழி போட்டு அனுப்பிவிடுவார்கள். "மார்ஜின் 4, மழைக்கு முன்னாடி 12" என்று தேதியோடு எழுதிக் காட்டினால் கம்பம் ஏறித்தான் ஆக வேண்டும். புகார் எண்ணை மறக்காமல் வாங்குங்கள். தீராவிட்டால், டிராய் 2012-ல் கொண்டுவந்த விதிகளின்படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

புது மோடத்துக்கு காசு எடுக்கும் முன், அந்த எண்ணை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.