4கே மொனிட்டர் வாங்க முன் சீபியுவின் பின்பக்கத்தைப் பாருங்கள்



போன கிழமை பக்கத்துப் பாடசாலை ஸேர் ஒருவர் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். "ஸேர், நம்மட டெஸ்க்டொப்புக்கு இரண்டாவது மொனிட்டர் ஒண்டு வாங்கப் போறன். 4கே எடுக்கவா? கடையில நல்ல விலை சொல்றாங்க."

இரண்டு வரியில் பதில் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியை வேறு ஆசிரியர்களும் கேட்பதால் இங்கேயே போடுகிறேன். பதிவு நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மொனிட்டர் வாங்குவதென்றால் மேசையில் ஏற்கனவே இருப்பதற்குச் சோடி தேடுவது. ஆகவே "எது நல்ல மொனிட்டர்?" என்ற கேள்வியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். "என் கொம்பியூட்டருக்கும் என் பழைய மொனிட்டருக்கும் எது பொருந்தும்?" என்பதுதான் முதல் கேள்வி. நான் இதைக் காசு கொடுத்துப் படித்தேன். நீங்கள் இலவசமாகப் படியுங்கள்.

"ஒரு வாத்தியாருக்கு எதுக்கு இவ்வளவு துல்லியமான ஸ்கிரீன்? படம் எடுக்கிறதா, கேம் விளையாடுறதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன் தரம் பத்துக்கு இஸ்லாம் பாட வினாத்தாள் தயாரித்தேன். அதில் ஒரு குர்ஆன் வசனத்தை ஹரகத்தோடு நானே டைப் செய்தேன். இரவு பதினொரு மணி, கண்ணில் தூக்கம். அரபு விசைப்பலகையில் பத்ஹுக்கு ஷிப்டும் க்யூவும், கஸ்ருக்கு ஷிப்டும் ஏ-யும். இரண்டும் மேலும் கீழுமாக இருக்கிற விசைகள். ஷத்து உள்ள ஓர் எழுத்தில் கஸ்ரு போட வேண்டிய இடத்தில் பத்ஹு போட்டுவிட்டேன்.

சாதாரண எழுத்தென்றால் பத்ஹு மேலே, கஸ்ரு கீழே, உடனே தெரிந்துவிடும். ஆனால் பல கணினி எழுத்துருக்களில் ஷத்தோடு வரும் கஸ்ரும் எழுத்துக்கு மேலேயே நிற்கும். ஷத்துக்கு மேலே கோடு இருந்தால் பத்ஹு, ஷத்துக்குக் கீழே இருந்தால் கஸ்ரு. என் பழைய 24 அங்குல ஸ்கிரீனில் அந்த வித்தியாசம் ஓரிரு படப்புள்ளி. மூன்று தடவை சரிபார்த்தேன். மூன்று தடவையும் கண் அதைச் "சரி" என்றே சொன்னது.

அச்சடித்துக் கொடுத்த பிறகு, ஹிப்ளு மத்ரஸாவுக்குப் போகிற ஒரு மாணவன் கையை உயர்த்தினான். "ஸேர், இது பத்ஹு இல்ல, கஸ்ரு." வகுப்பே அமைதியாகிவிட்டது. பிள்ளை சரி, நான் பிழை. அல்லாஹ்வின் வசனத்தில் ஓர் ஓசை மாறினால் பொருளே மாறலாம். எல்லாத் தாளையும் திரும்ப வாங்கிக் கையால் திருத்தினோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தமிழ் மட்டும் என்ன குறைவா? நம் எழுத்தே புள்ளியில்தான் நிற்கிறது. 'கல்வி' என்ற சொல்லில் புள்ளி ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று தமிழ் ஸேர்மாரிடம் கேளுங்கள். நான் இங்கே எழுத மாட்டேன்.

கணக்கு இதுதான். 24 அங்குல புல் எச்.டி மொனிட்டரில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 படப்புள்ளிகள். பன்னிரண்டு பொயின்ட் எழுத்தைக் காகிதத்தில் வரும் அதே அளவில் பார்த்தால், ஓர் எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் ஏறத்தாழ 15 புள்ளி. அந்தப் பதினைந்துக்குள் 'ஞ்' என்ற எழுத்தின் சுழியும் வளைவும் மேல்புள்ளியும் அடங்க வேண்டும். 27 அங்குல 4கே மொனிட்டரில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 163. அதே எழுத்துக்கு 27 புள்ளி கிடைக்கும். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு இது சொகுசாக இருக்கலாம். தமிழும் அரபும் டைப் செய்கிறவருக்கு இது தொழில் கருவி.

அப்படியானால் 4கே வாங்கிவிட வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் பிழைத்தது.

சீட்டுக் காசு வந்ததும் கொழும்பில் ஒரு கடையில் 27 அங்குல 4கே மொனிட்டர் எடுத்தேன். "உங்கட கொம்பியூட்டர் என்ன?" என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, பெட்டியில் இருந்த எச்.டி.எம்.ஐ கேபிளால் மாட்டினேன். படம் வந்தது. எழுத்து கண்ணாடி மாதிரி இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

ஐந்து நிமிடத்தில் மகள் கேட்டாள், "வாப்பா, இந்த மவுஸ் ஏன் இழுத்து இழுத்துப் போகுது?"

உண்மைதான். சேற்றில் நடப்பது போல இருந்தது. கொம்பியூட்டர் பழசு, அதுதான் தாங்கவில்லை என்று நினைத்து எட்டு ஜி.பி ரெம் ஒன்று வாங்கிப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. ரெம் காசு வீண். கடைசியில் இப்போது ஐ.டி துறையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் வீடியோ கோலில் சீபியுவின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னான். பார்த்த உடனே சிரித்தான். "ஸேர், எச்.டி.எம்.ஐ-யைக் கழற்றுங்க. பக்கத்தில இருக்கிற டிஸ்ப்ளே போர்ட்டில போடுங்க."

விளக்கம் எளிது. என்னுடையது இன்டெல் ஆறாம் தலைமுறை புரொசெசர் உள்ள பயன்படுத்திய டெஸ்க்டொப். அதில் இருப்பது எச்.டி.எம்.ஐ 1.4. அந்த வழியால் 4கே படம் போகும், ஆனால் செக்கனுக்கு 30 தடவைக்கு மேல் போகாது. சுகமாக வேலை செய்ய 60 வேண்டும். எச்.டி.எம்.ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 என்றால் 60 கிடைக்கும். டிஸ்ப்ளே போர்ட் என் கொம்பியூட்டரிலேயே இருந்தது! அலுவலகங்களில் பாவித்து விற்பனைக்கு வரும் டெஸ்க்டொப்புகள் பலவற்றில் அது இருக்கிறது. நாம்தான் அதற்கு மூடியைப் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு கேபிள் வாங்கினேன். மவுஸ் ஓடத் தொடங்கியது.

ஆனால் இரண்டாவது பிரச்சினைக்குக் கேபிள் மருந்தில்லை. பழையது 92, புதியது 163. 4கே-யில் எல்லாம் எறும்பு மாதிரித் தெரிந்ததால் விண்டோஸில் 175 வீதம் பெரிதாக்கினேன். அப்போது இரண்டிலும் எழுத்து ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் பழைய பேஜ்மேக்கர் போன்ற மென்பொருள்கள் அந்தப் பெரிதாக்கலை அறியாத காலத்தவை. அவற்றை விண்டோஸ் ரப்பர் போல இழுத்துக் காட்டுகிறது. விலை கூடிய ஸ்கிரீனில் மங்கலான எழுத்து! மவுஸும் பாதி இடத்தில் சுவரில் முட்டுவது போல நின்றுவிடும். ஏனென்றால் ஒன்று 2160 வரி உயரம், மற்றது 1080 வரி. விண்டோஸுக்கு அங்குலம் தெரியாது, வரிதான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண் ஒரு தடவை தெளிவைப் பார்த்துவிட்டால் பழைய ஸ்கிரீனுக்குத் திரும்ப மறுக்கிறது. மூன்று மாதத்தில் பழையது வட்ஸ்அப் பார்க்கும் பலகையாகிவிட்டது.

ஆகவே என் ஆலோசனை, உங்களிடம் இருப்பதைப் பொறுத்து:

உங்களிடம் 24 அங்குல புல் எச்.டி இருந்து, இரண்டையும் சரிசமமாகப் பாவிக்கப் போகிறீர்களானால், 27 அங்குல கியூ.எச்.டி எடுங்கள். 2560க்கு 1440. கடைகளில் "2கே" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அங்குலத்துக்குச் சுமார் 109 புள்ளி. பழையதைவிடத் தெளிவு, ஆனால் வித்தியாசம் கண்ணை உறுத்தாது. பெரிதாக்கல் தேவையில்லை, பழைய மென்பொருளும் மங்காது. எச்.டி.எம்.ஐ 1.4-இலேயே 60 ஹேர்ட்ஸில் ஓடும். நம் மேசைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே சரியான சோடி என்பது என் கருத்து.

அதே கியூ.எச்.டி-யை 32 அங்குலத்தில் எடுத்தால் அங்குலத்துக்குத் திரும்பவும் 92 தான். இடம் கூடும், தெளிவு கூடாது. பெரிய ஸ்கிரீன் என்பதும் துல்லியமான ஸ்கிரீன் என்பதும் இரண்டு வெவ்வேறு விடயங்கள். விற்பவர் இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வார். மயங்க வேண்டாம்.

அரபு, தமிழ் டைப் செய்வதுதான் உங்கள் பிரதான வேலை என்றால் 4கே எடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதை நேர் முன்னே வையுங்கள். பழையதைப் பக்கத்துக்குத் தள்ளி, ஆசிரியர் வழிகாட்டியோ பாடநூல் பி.டி.எப்-போ திறந்து வைக்க மட்டும் பாவியுங்கள். இரண்டும் சமம் என்று எதிர்பார்க்காதீர்கள். 27 அங்குலத்தின் உயரம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர், ஏ4 தாள் 29.7. ஆக ஒரு முழு வினாத்தாள் பக்கம் உண்மையான அளவில் அப்படியே தெரியும். அகலவாக்கில் இரண்டு பக்கம் பிடிக்கும்.

ஏற்கனவே 4கே வைத்திருப்பவர்கள் அதே அங்குலத்தில் இன்னொரு 4கே எடுங்கள். அதே மொடல் கிடைத்தால் இன்னும் நல்லது, வெள்ளை நிறமும் ஒத்துப்போகும். அது முடியாவிட்டால், பாதிக் காசில் பொருந்தாத ஒன்றை வாங்குவதைவிட ஆறு மாதம் பொறுத்து வாங்குங்கள்.

எதை எடுத்தாலும் ஐ.பி.எஸ் பெனல் எடுங்கள். இரண்டாவது மொனிட்டரை எப்போதும் சரிந்துதான் பார்ப்போம். மலிவான டீ.என் பெனலில் சரிந்து பார்த்தால் நிறம் மாறிப்போகும். தனி கிராஃபிக்ஸ் கார்ட் இருந்தால் இரண்டு கேபிளையும் அந்தக் கார்ட்டிலேயே மாட்டுங்கள். ஒன்றை மதர்போர்டில் மாட்டினால் பல கொம்பியூட்டர்களில் அது கறுப்பாகவே இருக்கும். 144 ஹேர்ட்ஸ், 165 ஹேர்ட்ஸ் எல்லாம் கேம் விளையாடும் பிள்ளைகளுக்கு. வினாத்தாளுக்குத் தேவையில்லை.

கடைக்குப் போக முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். சீபியுவின் பின்பக்கத்தைப் போனில் ஒரு படம், பழைய மொனிட்டரின் பின்னால் உள்ள ஸ்டிக்கரை ஒரு படம். கடைக்காரரிடம் அதைக் காட்டி, "இதில் 60 ஹேர்ட்ஸில் ஓடுமா? பில்லில் எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். முடிந்தால் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லி, வெள்ளைத் திரையில் செத்த புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். இதற்கு மட்டும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வருவதா?

பாடசாலைக்கு வாங்கித் தரும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் இதே வேண்டுகோள். "எத்தனை அங்குலம்?" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். அந்த அறையில் இருக்கும் கொம்பியூட்டர் எது என்று ஐ.சி.டி ஆசிரியரிடம் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். பொருந்தாத நன்கொடை அலுமாரியில்தான் தூங்கும்.

கடைசியாக, இப்போது வாங்க வசதியில்லாத ஆசிரியர்களுக்கு. 2022-க்குப் பிறகு நம் சம்பளத்துக்கு என்ன பெறுமதி என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடன்பட்டு மொனிட்டர் வாங்காதீர்கள். பக்கத்தை 200 வீதமாக்கி ஒரு தடவை வாசியுங்கள். ஒரு பிரதி அச்செடுத்துப் பகல் வெளிச்சத்தில் வாசியுங்கள். குர்ஆன் வசனம் என்றால் ஒரு ஹாபிழிடம் காட்டுங்கள். 4கே வாங்கிய பிறகும் நான் இதை விடவில்லை. ஸ்கிரீன் பிழையைக் காட்டும், திருத்தாது.

அன்று கையை உயர்த்திய அந்தப் பிள்ளைக்கு இந்தப் பதிவு. இப்போதெல்லாம் இஸ்லாம் வினாத்தாள் அச்சுக்குப் போக முன், அவனுடைய உஸ்தாதிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

உங்கள் டெஸ்க்டொப்பின் பின்பக்கப் படத்தைக் கொமெண்டில் போடுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை அந்தப் பழைய மாணவனிடம் கேட்டுச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.